கவர்ச்சி மின்னஞ்சலும் கட்டாய லேபிளும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் பாலியல் விளம்பர மின்னஞ்சலின் தலைப்பில் ‘செக்ஸுவலி-எக்ஸ்ப்ளிசிட்’ என்று போட்டே ஆக வேண்டுமாம். இது பேச்சுரிமையில் கைவைப்பது இல்லையா?

பதில்: ‘பேசாதே’ என்பதைப் போலவே, ‘இதைச் சொல்’ என்று அரசு கட்டாயப்படுத்துவதும் பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில் இடிக்கத்தான் செய்யும். ஆனால் விளம்பரத்துக்குப் பாதுகாப்பு கொஞ்சம் குறைவு. சர்ச்சைக்கு இடமில்லாத உண்மைத் தகவலை விளம்பரத்தில் சேர்க்கச் சொல்லலாம் என்று 1985-இல் ஸாடரர் வழக்கில் (அது ஒரு வக்கீலின் விளம்பரம்!) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேன்-ஸ்பாம் என்ற விளம்பர மின்னஞ்சல் சட்டப்படி எஃப்டிசி (அமெரிக்க வர்த்தகக் கண்காணிப்பு ஆணையம்) கொண்டுவந்த விதி 2004 மே 19 முதல் அமலில் இருக்கிறது. தலைப்பின் முதல் 19 இடங்கள் அந்த லேபிளுக்கே. எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து, கடைசியில் முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி. ஏன் இவ்வளவு கறார்? ‘எல்’ வரும் இடத்தில் ‘1’ போட்டால் இந்த மெயில்களைப் பிரித்தெடுக்கும் ஃபில்டர் கோட்டை விட்டுவிடுமே. மெயிலைத் திறந்ததும் படம் தெரியக்கூடாது. பிரவுன் பேப்பர் சுற்றித் தபாலில் வந்த பத்திரிகை மாதிரிதான். உள்ளே என்ன விற்கலாம் என்பதில் இந்த விதி தலையிடவில்லை. அதனால் நீதிமன்றத்தில் தாங்கும் என்பது என் கணிப்பு.

கேள்வி: பேசாமல் தடையே போட்டுவிடலாமே?

பதில்: முடியாது. கேட்காதவருக்குக் கருத்தடைச் சாதன விளம்பரத்தைத் தபாலில் அனுப்பக்கூடாது என்ற தடை 1983-இல் போல்ஜர் வழக்கில் அடிபட்டுப்போனது. பிடிக்காவிட்டால் குப்பைத்தொட்டி பக்கத்திலேயே இருக்கிறது என்பது நீதிபதிகளின் வாதம். ஆனால் ‘எனக்கு அனுப்பாதே’ என்று பெறுபவரே சொன்னால் நிறுத்த வேண்டும். அது 1970-இன் ரோவன் தீர்ப்பு.

கேள்வி: நியூ ஜெர்சியில் உள்ளாடைக் கடை வைத்திருக்கிறேன். மாடல் படம் போட்டு அனுப்பினால் லேபிள் வேண்டுமா?

பதில்: சாதாரண கேட்டலாக் படத்துக்கு வேண்டாம். பாலியல் செயல்களை வெளிப்படையாகக் காட்டுவதற்குத்தான் விதி. ஆனால் அஞ்சல் முகவரி, ‘இனி வேண்டாம்’ என்று விலகும் வழி போன்ற வழக்கமான விதிகள் கட்டாயம்.

கேள்வி: லேபிளோடு ‘இது மூளையைக் கெடுக்கும்’ என்றும் எழுதச் சொல்லலாமா?

பதில்: டெக்ஸாஸ் ஆபாச இணையதளங்களிடம் அதைத்தான் கேட்டது. அதே சட்டம் கேட்ட வயதுச் சரிபார்ப்பு 2025-இல் உச்ச நீதிமன்றத்திலும் செல்லுபடியானது. அந்த எச்சரிக்கை வாசகத்தை மட்டும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-லேயே தள்ளிவிட்டது. பாலியல் காட்சியுள்ள வீடியோ கேம் பெட்டிகளில் இல்லினாய் மாநிலம் ஒட்டச் சொன்ன ‘18’ ஸ்டிக்கரும் 2006-இல் தோற்றது. எது ஆபாசம் என்பது அங்கே அரசின் அபிப்பிராயமாகிவிட்டது.

கேள்வி: சந்தாதாரருக்கு அனுப்பும்போது?

பதில்: முன்கூட்டியே தெளிவாகச் சம்மதித்தவர் என்றால் லேபிள் வேண்டாம். அந்தச் சம்மதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.