ரத்தத்தில் நார்மல், கழுத்தில் கட்டி: எப்படி?

தக்கலை பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: மகனுக்கு 3 வயது. கழுத்தில் இடது பக்கம் நிணநீர்க் கட்டி (நிணநீர்க் குழாய்கள் சரியாக உருவாகாமல் நீர் தேங்கி வீங்குவது). ரத்தத்தில் எடுத்த மரபணு டெஸ்ட் நார்மல். கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் வந்தது என்கிறார் மாமியார், நாங்கள் சொந்தத்தில் கட்டியவர்கள் வேறு. இவனுக்கு ஊசி போடலாம் என்கிறார்கள், திருவனந்தபுரத்தில் பார்த்த இன்னொரு பிள்ளைக்கு மாத்திரை. ஒரே நோய்க்கு ஏன் இரண்டு வைத்தியம்?

பதில்: சகோதரி, கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொந்தத்தில் கட்டியதற்கும் இல்லை. இதை மாமியாரிடமே வாசித்துக் காட்டுங்கள்.

வீட்டு முற்றத்துக் காகிதப்பூச் செடியில் சில நேரம் ஒரே ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் பூக்கும், பார்த்திருப்பீர்கள். வேரும் விதையும் சரிதான், வளரும்போது அந்த ஒரு கிளையில் மட்டும் ஏதோ மாறிவிட்டது. உங்கள் மகனுக்கும் அப்படித்தான், கரு உருவான பிறகு நிணநீர்க் குழாயாக வேண்டிய சில செல்களில் மட்டும் ஒரு மரபணு பிசகியிருக்கும். ரத்தத்தில் தேடுவது வேறொரு கிளையின் இலையைப் பறித்துப் பார்ப்பது போல, அதனால்தான் நார்மல் என்று வந்தது. கட்டியின் திசுவிலோ அதிலிருந்து எடுக்கும் நீரிலோதான் தேட வேண்டும். அடுத்த பிள்ளைக்கும் வருமோ என்ற பயமும் வேண்டாம், இது பெற்றோர் வழியாக வருவதில்லை.

இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் பிசகுவது பி.ஐ.கே.3.சி.ஏ. என்ற மரபணு, இது 2015-இல் தெளிவானது. செல்லை 'வளர், வளர்' என்று ஓயாமல் விரட்டும் பிழை அது. சிரோலிமஸ் மாத்திரை, அந்த விரட்டல் செல்லுக்குள் போகும் வழியின் கீழ்ப்பகுதியை அடக்குகிறது, அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது அதுவாக இருக்கலாம். ஆனால் சிலருக்குப் பிழை பிராஃப் மரபணுவில் இருக்கும், உடம்பில் பல இடங்களில் பரவும் அரிதான வகைகளில் என்ராஸ், ஏராஃப் என்று வேறு மரபணுக்கள். 2019-இல் வெளியான ஒரு சிகிச்சை விவரத்தில், சிரோலிமஸுக்கு அசையாத 12 வயதுப் பையனுக்கு ஏராஃப் பிழை இருந்ததைக் கண்டுபிடித்து டிராமெடினிப் என்ற வேறு மருந்தைக் கொடுத்தார்கள், அவனுடைய நிணநீர்க் குழாய்களே சீராகின. வெளியே வீக்கம் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே பழுது வேறு, மருந்தும் வேறு.

சரி, கட்டிக்குள்ளேயே மருந்தைச் செலுத்தும் ஊசி ஏன்? இருட்டு அறையில் செல்போன் டார்ச்சைக் கட்டியில் ஒட்டிப் பிடித்தால் சிவப்பாக ஒளிர்ந்தால், உள்ளே பெரும்பாலும் பெரிய நீர் அறைகள்தான். அவை ஊசிக்கு நன்றாகவே சுருங்கும், மாத்திரை இல்லாமலே முடிந்துவிடலாம். நாக்கில் வேகவைத்த சவ்வரிசி ஒட்டியதுபோல வரும், சின்னச் சின்ன நீர் அறைகள் கொண்ட சிறுகண் வகைதான் ஊசிக்கு அவ்வளவாக மசியாது, அங்கேதான் மாத்திரை பெரிதும் உதவும். சிரோலிமஸ் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தடுப்பூசிக்கு முன் கேட்க வேண்டும். வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள் என்று நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். எப்போதாவது ஊசி போடவோ அறுவைக்கோ போனால், எடுக்கும் திசுவையோ நீரையோ மரபணு டெஸ்ட்டுக்கு அனுப்ப முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள், அப்புறம் கேட்டால் கிடைக்காது.

எண்ணெய் போட்டு நீவுவது, பச்சிலை கட்டுவது எதுவும் வேண்டாம். சளி, காய்ச்சல் வந்தால் கட்டி கொஞ்சம் பெருக்கும், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று வீங்கி நீலம் பாய்ந்தால், எச்சில் விழுங்கச் சிரமப்பட்டால், மூச்சில் சத்தம் கேட்டால், நடுராத்திரியானாலும் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் புறப்படுங்கள்.