பந்துக்குக் குளிர்விட்டுப் போனால்...

கேள்வி: இரவு முழுக்கக் குளிரில் வெளியே கிடந்த டென்னிஸ் பந்து காலையில் சரியாக எழும்புவதே இல்லை. வெயில் ஏறிய பிறகு அதே பந்து நன்றாகத் துள்ளுகிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்குவதுதான் காரணமா?

பதில்: பாதிதான் சரி. முதலில் காற்றின் கணக்கை முடித்துவிடலாம். வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸிலிருந்து 0 டிகிரிக்கு இறங்கினால் மூடிய பந்துக்குள் மொத்த அழுத்தம் சுமார் 7 சதவீதம் குறையும். இவ்வளவுதானா என்று தோன்றும், ஆனால் பந்தை விறைப்பாக வைத்திருப்பது வெளிக்காற்றைவிட உள்ளே கூடுதலாக இருக்கும் அழுத்தம் மட்டும்தான். கால்பந்தில் அந்தக் கூடுதல் 0.8 வளிமண்டலம் என்றால் அது கிட்டத்தட்ட 15 சதவீதம் சரிந்துவிடும்.

சரி, ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் வட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கக் கெட்டி ரப்பர், உள்ளே காற்றே கிடையாது. அதையும் ஆட்டத்துக்கு முன்னால் உறைய வைக்கிறார்கள், துள்ளாமல் பனித்தரையோடு வழுக்கிப் போகட்டும் என்று. ஆக, காற்றை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, ரப்பரையும் பிடிக்க வேண்டும்.

ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறு இழைகளின் சிக்கல். பந்து தரையில் நசுங்கி மீண்டும் கிளம்ப ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே ஆகிறது. அந்த அவசரத்துக்குள் இழைகள் பழைய நிலைக்குத் திரும்பினால்தான் வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தர முடியும், குளிரிலோ அவை மந்தமாகிவிடுவதால் உள்ளேயே உரசி அதில் பெரும் பங்கை வெப்பமாக வீணடிக்கின்றன.

இது அப்பட்டமாகத் தெரிவது ஸ்குவாஷில்தான். போட்டிப் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் 23 டிகிரியில் அந்த உயரத்தில் 12 சதவீதம் எழும்பினாலே தேர்ச்சி; 45 டிகிரியில் 26 முதல் 33 சதவீதம் எழும்ப வேண்டும். ஆட்டத்துக்கு முன் இருவரும் பந்தை அடி அடி என்று அடிப்பது உடம்பைச் சூடேற்ற மட்டுமல்ல! உங்கள் டென்னிஸ் பந்துக்கும் அதே உயரச் சோதனைதான், ஆனால் 20 டிகிரியில். 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும்.

அதனால் பந்துகளை இரவில் வீட்டுக்குள் வையுங்கள், போதும். அப்புறம், கோல்ஃப் ஆடுகிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுப் பந்தைச் சூடாக்கக் கிளம்ப வேண்டாம்: வேண்டுமென்றே சூடாக்கிய பந்தை அடிக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது.