பழைய கார்டன் டிராக்டர்: மூன்றில் எதை எடுப்பது?

கேள்வி: வீட்டைச் சுற்றி சுமார் ஒரு ஏக்கர் புல்தரை, ஓரத்தில் ஒரு காய்கறித் தோட்டம். புல் வெட்டவும், வருஷத்துக்கு இரண்டு தடவை ரொட்டவேட்டர் போட்டுத் தோட்டத்தை உழவும் பழைய கார்டன் டிராக்டர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். மூன்று பார்த்து வைத்திருக்கிறேன்: 1960களில் வந்த கப் கேடட் 122, 1970களில் வந்த வீல் ஹார்ஸ் சி-120 (கியர் வண்டி), 1980களில் வந்த ஜான் டியர் 318. மூன்றுமே எனக்குக் கட்டுப்படியாகும் விலைதான். 318-இல் பவர் ஸ்டியரிங் எல்லாம் இருப்பதால் மனசு அங்கேதான் போகிறது. ஸ்பானர் பிடிக்கத் தெரியும், ஆனால் எஞ்சினைப் பிரித்துப் பழக்கமில்லை. எதை எடுக்கட்டும்?

பதில்: வீல் ஹார்ஸை எடுங்கள். 318-ஐ விட்டுவிடுங்கள் என்று சொல்லும்போது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

318 நல்ல வண்டிதான். 18 குதிரைத்திறன், ஹைட்ரோஸ்டாட்டிக் டிரைவ் (கியர் மாற்றாமலே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம்), ஹைட்ராலிக் லிஃப்ட், நீங்கள் சொன்ன பவர் ஸ்டியரிங், எல்லாம் சேர்ந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இறங்க மனசு வராது. சிக்கல் எஞ்சினில். அதில் இருப்பது ஓனன் கம்பெனியின் இரண்டு சிலிண்டர் எஞ்சின், அதிர்வே தெரியாமல் ஓடும். ஆனால் காற்றில் குளிரும் எஞ்சின், மேல்தகட்டுக்கு அடியில் இருக்கும் அந்தக் குளிர்விக்கும் செதில்களுக்குள் புல்தூசி போய் அடைத்துக்கொண்டால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும், ஒருநாள் வால்வு சீட் (வால்வு வந்து உட்காரும் வளையம்) கழன்று விழுந்துவிடும். முந்தைய சொந்தக்காரர் அந்தத் தகட்டைக் கழற்றிச் சுத்தம் செய்தாரா இல்லையா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஓனன் இந்த வகை எஞ்சினைத் தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. பாகங்கள் தேடி அலைய வேண்டும், கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். எஞ்சின் பிரித்துப் பழகாத ஒருவருக்கு முதல் வண்டியாக இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மற்ற இரண்டிலும் ஒரே எஞ்சின், கோலர் கே301. ஒற்றைச் சிலிண்டர், வார்ப்பிரும்பு, 12 குதிரைத்திறன். கொஞ்சம் குலுங்கும், சத்தமும் அதிகம், ஆனால் பாயிண்ட் (பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் சுவிட்ச்), கண்டென்சர், கார்புரேட்டர் கிட், பிஸ்டன் ரிங் வரை இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது, சிலிண்டர் தேய்ந்தால் உள்ளே கடைந்து பெரிதாக்கி அடுத்த அளவு பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். பாயிண்ட் இடைவெளியைப் பட்டைக் கேஜ் வைத்து அரை மில்லிமீட்டருக்குச் சரிசெய்வது நீங்களே உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும் பழைய கோலர்களில் பலவற்றுக்கு வைத்தியம் அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் கப் கேடட் வேண்டாம்? கட்டுமானத்தில் மூன்றிலும் அதுதான் அசல் டிராக்டருக்கு மிக நெருக்கம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1961இல் முதல் கப் கேடட்டைக் கொண்டுவந்தபோது தன்னுடைய ஃபார்மால் கப் டிராக்டரை ஒட்டித்தான் பின்பக்க கியர்பாக்ஸை அமைத்தது. 122-இல் எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் பெல்ட்டே கிடையாது, தண்டு வழியாக நேராகப் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த வண்டி. ஆனால் நீங்கள் ரொட்டவேட்டர் போடப் போகிறீர்கள். 122-க்கு முன்னோக்கி மூன்றே கியர், முதல் கியரே ரொட்டவேட்டருக்கு வேகம் அதிகம், மண்ணைப் பொடியாக்காமல் மேலே கீறிக்கொண்டு ஓடிவிடும். இதற்காகவே கிரீப்பர் என்று ஒரு கூடுதல் கியர் விற்றார்கள், தனி லிவரோடு வரும். நீங்கள் பார்த்த வண்டியில் அது இருந்தால் என் பதிலை நானே மறுபடி யோசிப்பேன். இல்லாவிட்டால் வேண்டாம். இன்னொன்று, கிளட்ச் வேலை வந்தால் வண்டியைப் பின்பக்கமாகப் பிரித்துப் போட வேண்டியிருக்கும்.

சி-120-இல் கிளட்ச் என்பது பெல்ட்டைத் தளர்த்துகிற ஒரு பெடல். பெல்ட் தேய்ந்தால் மாற்ற மெக்கானிக் தேவையில்லை. எட்டு கியர் என்று சொல்வார்கள், அதில் ஆறு முன்னோக்கி, இரண்டு ரிவர்ஸ். லோ ரேஞ்சில் (மெதுவான கியர் வரிசையில்) முதல் கியர் போட்டால் நடப்பதை விட மெதுவாக ஊர்ந்து போகும், ரொட்டவேட்டருக்கு வேண்டியது அதுதான். ஹை ரேஞ்சில் புல் வெட்டலாம். ஓடும்போது வேகத்தை மாற்ற முடியாது, நிறுத்தித்தான் கியர் மாற்ற வேண்டும். மரம், பூச்செடி என்று சுற்றிச் சுற்றி வெட்டுகிறவர்களுக்கு அது எரிச்சல், உங்களுடையது திறந்த தரை என்றால் பழகிவிடும்.

பார்க்கப் போகும்போது, வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் எஞ்சின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். கியர்பாக்ஸ் ஆயிலையும் பாருங்கள். வீல் ஹார்ஸில் கியர் லிவரின் அடியில் உள்ள ரப்பர் உறை வெடித்துப்போனால் மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்கும், ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்கும். லேசாக இருந்தால் ஆயிலை மாற்றிவிட்டு ஓட்டலாம், ரொம்ப நாள் நின்ற வண்டி என்றால் உள்ளே பேரிங் துருப்பிடித்திருக்கும், விட்டுவிடுங்கள். பின்சக்கரத்தை மேலே பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஹப் தளர்ந்திருந்தால் கையிலேயே தெரியும்.

கூட வரும் மெக்கானிக் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு எண் குறைவு என்று சொன்னால் உடனே பயப்பட வேண்டாம். இந்தக் கோலரில் ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்ரெஷனைக் கொஞ்சம் வெளியே விடும் அமைப்பு இருக்கிறது, கேஜ் எப்போதுமே குறைத்துத்தான் காட்டும். நன்றாகச் சூடான பிறகும் நீலப்புகை நிற்கவில்லை என்றால்தான் ரிங் போயிருக்கிறது.

இந்த வயது வண்டிகள் பலவற்றில், சீட்டை விட்டு எழுந்தால் எஞ்சின் தானாக நிற்கும் சுவிட்ச் கிடையாது, நீங்கள் கீழே விழுந்தாலும் பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும். சரிவான இடத்தைக் கைமெஷினில் வெட்டுங்கள். தயவுசெய்து.

கடைசியாக ரொட்டவேட்டர். வண்டியோடு வருகிறதா, தனியாகத் தேட வேண்டுமா? ஒரு கம்பெனியின் ரொட்டவேட்டர் இன்னொன்றில் அப்படியே பொருந்தாது. சி-120-உடன் வீல் ஹார்ஸ் ரொட்டவேட்டரும் அதை மாட்டும் பிராக்கெட், புல்லி எல்லாமும் சேர்த்துக் கொடுத்தால் கொஞ்சம் கூட்டியே கொடுத்து வாங்குங்கள். புல் வெட்டும் டெக்கைப் புரட்டிப் பார்த்து, அடித்தகட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போனால் டெக்குக்கு ஒரு பைசா சேர்க்காதீர்கள்.