ரிவெர்ப் பெடல் வாங்க சிட்டியை எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 28. குளச்சல் பக்கம் கடற்கரை ஊர். நாகர்கோவிலில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை, சம்பளம் 24,000. சின்ன வயதிலிருந்தே கோயில் (சர்ச்) பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். வாரக் கடைசியில் ஆறு பிள்ளைகளுக்கு வகுப்பு, தலைக்கு மாதம் 800. கல்யாண ரிசப்ஷன், திருவிழா இன்னிசை என்று வருடத்துக்கு 20 நிகழ்ச்சி வரும், ஒன்றுக்கு 2,500. இப்போது வீட்டிலேயே பக்திப் பாடல் ரெக்கார்டிங்கும் ஆரம்பித்திருக்கிறேன்.

கிட்டார் ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை என்ற ரிவெர்ப் பெடல் மேல் நெடுநாள் ஆசை. 58,000 சொல்கிறார்கள். நான் ஒரு லட்சத்துக்கு சிட்டி (ஏலச் சீட்டு) போடுகிறேன்: மாதம் 4,000, 25 மாதம், 14 கட்டியாகிவிட்டது. அதை இப்போதே ஏலத்தில் எடுத்து வாங்கலாமா, இல்லை கார்டில் நோ காஸ்ட் இ.எம்.ஐ. போடலாமா? துபாயில் இருக்கும் மாமா மகன் அங்கிருந்து கொண்டுவருவதாகச் சொல்கிறான். கூட வாசிக்கும் அண்ணன் ஒருவர், "தொழில் செலவு என்று காட்டினால் வரி மிச்சம்" என்கிறார். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். விலையைக் கேட்டதும், "உன் கிட்டாரே அவ்வளவு வராதே" என்றார். அம்மாவின் மூன்று பவுன் செயின் வங்கியில் 90,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது. பெயர் போட வேண்டாம்.

பதில்: தம்பி, அப்பா சொன்னதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. ஆனால் விலையில் ஏமாற்று இல்லை என்பதையும் அவரிடம் சொல்லலாம்.

ஒலி சுவரில் பட்டுத் திரும்பித் திரும்பி வந்து தேய்ந்து மறைவதுதான் ரிவெர்ப். அதைச் செயற்கையாக உண்டாக்க, 1957இல் ஜெர்மனியின் இ.எம்.டி. நிறுவனம் ஒரு பெரிய இரும்புத் தகட்டை மரப்பெட்டிக்குள் தொங்கவிட்டு அதிர வைத்தது. இ.எம்.டி. 140 என்ற அந்தப் பெட்டியின் எடை ஏறக்குறைய 270 கிலோ. தூக்க நாலு பேர் போதாது. 1976இல் அதே நிறுவனம் டிஜிட்டலில் இ.எம்.டி. 250ஐக் கொண்டுவந்தது, 1978இல் லெக்சிகன் 224 வந்தது. பெரிய ஸ்டுடியோக்கள் மட்டுமே வாங்க முடிந்த சாமான்கள் இவை. அந்தத் தகட்டின் ஒலி, ஹாலின் ஒலி, ஸ்பிரிங்கின் ஒலி எல்லாவற்றையும் காலால் மிதிக்கும் ஒரு பெட்டிக்குள் அடக்கி 2013இல் வந்தது பிக்ஸ்கை. 12 வகை ரிவெர்ப், 300 பிரீசெட் (சேமித்து வைக்கும் ஒலி அமைப்பு), ஸ்டீரியோ. அமெரிக்காவிலேயே வெகுகாலம் 479 டாலருக்கு விற்றது. அதன் மேல் சுங்கமும் வரியும் கடைக்காரர் லாபமும் ஏறித்தான் இங்கே வந்து நிற்கிறது.

எனவே சாமான் நல்ல சாமான். ஆனால் அது உங்களுக்கு எங்கே வேலை செய்யப்போகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் கோயில். உயரமான கூரை, டைல்ஸ் தரை, பூசிய சுவர். வாலஸ் சபைன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் நூறாண்டுக்கு முன்பே இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார்: ஒலி 60 டெசிபல் இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்பதே ஒரு கட்டடத்தின் எதிரொலி நேரம். நம் மாவட்டத்துப் பெரிய கோயில்களில் ஆள் இல்லாத நேரம் ஒரு கைதட்டல் தட்டிப் பாருங்கள், விநாடிகளை நீங்களே எண்ணலாம். அந்த எதிரொலிக்கு மேல் பெடலின் எதிரொலியையும் ஊற்றினால் கிட்டார் கார்டு (chord) மாறுவதே தெரியாது. சாமியார் பிரசங்கமே பின் பெஞ்சில் பாதிதான் விளங்குகிறது. நீங்கள் வாசிக்கும் இடத்துக்கே ரிவெர்ப் இருக்கிறது, தம்பி. அதுவும் இலவசம்.

அடுத்து ரிசப்ஷனும் திருவிழா மேடையும். பிக்ஸ்கையின் அழகில் பாதி ஸ்டீரியோவில். இடதும் வலதும் விரிந்து வரும்போதுதான் பெயரில் உள்ள அந்த 'வானம்' தெரியும். நம்மூர் மைக் செட்டில் இரண்டு பக்கப் பெட்டியும் பெரும்பாலும் ஒரே ஒலியைத்தான் கொடுக்கும். போன வருடம் ஒரு கொடியேற்று அன்று இன்னிசை கேட்கப் போயிருந்தேன். கிட்டார்காரப் பையன் இரண்டு வயர் நீட்டினான். மிக்சரில் இருந்தவர் ஒன்றை மட்டும் வாங்கிச் செருகிவிட்டு, இன்னொன்றைச் சுருட்டி அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். பையன் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இப்போது கணக்கு. ஐந்து வருடம் வைத்திருந்தால் 100 நிகழ்ச்சி. ஒரு நிகழ்ச்சிக்குப் பெடலின் பங்கு 580 ரூபாய். 2,500இல் 580 போய்விடும். பெடல் வந்ததால் உங்களுக்கு 3,000 தருவார்களா? ரிவெர்ப் கேட்டு யாரும் கல்யாண வீட்டில் ஆள் பிடிப்பதில்லை. வகுப்புக்கு வரும் பிள்ளையின் அம்மாவும் 800ஐ 1,000 ஆக்க மாட்டார்.

மிச்சம் இருப்பது ரெக்கார்டிங். அங்கே இந்தப் பெடலுக்கு உண்மையான வேலை உண்டு. ஆனால் அதே இடத்தில்தான் அதற்கு இலவசப் போட்டியும் உண்டு. வல்ஹல்லா சூப்பர்மாசிவ் என்ற மென்பொருளுக்குக் காசே கிடையாது, கணினியில் போட்டுக்கொள்ளலாம். பிக்ஸ்கையின் ஒலிகளையே மென்பொருளாக ஸ்ட்ரைமனும் விற்கிறது. பாட்டைக் கேட்கிறவருக்குக் காலால் மிதித்ததா மவுஸால் கிளிக் செய்ததா என்று தெரியப்போவதில்லை.

சிட்டிக்கு வருவோம். நீங்கள் கேட்டதிலேயே கை சுடக்கூடிய இடம் இதுதான். இந்த மாத ஏலத்தில் 18,000 தள்ளி எடுக்கிறீர்கள் என்று வைப்போம். நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம் போனால் கையில் 77,000. பொறுத்துக் கடைசி மாதம் எடுத்தால் அதே கமிஷன் போக 95,000. பத்து மாதம் பொறுக்காததற்கு விலை 18,000. ஆக, உங்கள் 58,000 ரூபாய் பெடல் 76,000 ஆகிவிட்டது. கடையில் ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறவர்கள்கூட இந்த 18,000ஐக் கவனிப்பதில்லை. எடுத்த பிறகும் மாதாமாதம் கழிவு போக மீதியைக் கட்டித்தான் தீர வேண்டும். ஒன்றும் கேட்டுவைக்கிறேன்: அந்தச் சிட்டி 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதுதானா? நடத்துபவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "நம்ம ஆள்தான்" என்பது ரசீது ஆகாது.

நோ காஸ்ட் இ.எம்.ஐ. அதைவிடப் பரவாயில்லை, ஆனால் பெயரில் இருப்பதுபோல் செலவில்லாததும் அல்ல. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013இல் சொல்லியிருக்கிறது. வட்டித் தொகையைக் கடைக்காரர் முன்பே தள்ளுபடியாகக் கழிப்பார், வங்கி அதைத் திரும்ப வசூலிக்கும். 58,000க்கு 15 சதவீதத்தில் 12 மாதம் என்றால், தள்ளுபடி போக மாதம் சுமார் 4,835. அதில் வட்டி 4,450 வரை. அது தள்ளுபடியில் ஈடாகிவிட்டாலும், வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் செயல்முறைக் கட்டணமும் உங்கள் தலையில்தான்: எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். அது பெரிய தொகை இல்லை. பயம் வேறு இடத்தில். ஒரு மாதம் தவறினால் கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்றுகூடப் போகும். வருடத்துக்கு 42. சிட்டிக்கு 4,000, இ.எம்.ஐ.க்கு 4,835 என்று 24,000இல் 9,000 வரை கட்டிப்போட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகக் கிட்டார் வாசிக்க முடியாது.

துபாய் வழியில் விலை கொஞ்சம் குறையலாம். மாமா மகன் திருவனந்தபுரத்தில் இறங்கும்போது, வீட்டுக்குக் கொண்டுவரும் சாமானும் உங்கள் பெடலும் சேர்ந்துதான் வரியில்லா வரம்புக்குள் வர வேண்டும். அன்றைய வரம்பு என்ன என்பதைச் சுங்கத் துறை தளத்தில் பார்த்துவிட்டு, பில்லோடு கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி உண்டா என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். உப்புக்காற்றில் ஜாக்குகள் பச்சை பிடிக்கும் ஊர் உங்களுடையது.

வரி மிச்சம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். சம்பளமும் இசை வருமானமும் சேர்த்தாலே நாலு லட்சத்தைத் தொடவில்லை. புதிய முறையில் உங்களுக்கு வரியே இல்லை. இல்லாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது?

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் வீடு உங்கள் சம்பளத்தில் ஓடுகிறது. 2017 ஒக்கிப் புயலைப் பார்த்த கரைக்கு, கையிருப்பு எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை. கையிருப்பு என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அம்மாவின் செயினுக்கு 9 சதவீதம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 8,100 வட்டி. சிட்டியைக் கடைசி வரை விட்டால் வரும் 95,000, அந்த 90,000 கடனை அடைத்துச் செயினை மீட்கச் சரியாகப் போதும். வட்டியை மட்டும் அதுவரை இடையிடையே கட்டிவாருங்கள். அந்தப் பணத்துக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

பெடலுக்கு? இசையிலிருந்து வரும் பணம் மட்டும். இதற்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் 1,000, வகுப்பு நடக்கும் பத்து மாதமும் மாதம் 2,000 என்று போட்டால் வருடத்துக்கு 40,000 சேரும். பிக்ஸ்கைக்குக் குறைந்தது 300 மில்லி ஆம்பியர் வேண்டும். ஒரே அடாப்டரில் நாலு பெடலை மாலை கோத்தது மாதிரி ஓட்டுகிறீர்கள் என்றால் அது போதாது. நல்ல பவர் சப்ளைக்கும் வயருக்கும் இன்னொரு பத்தாயிரம் எடுத்துவைத்து 68,000 என்று கணக்குப் போடுங்கள். ஏறக்குறைய 20 மாதம்.

அதுவரை வெறும் கையோடு இருக்கச் சொல்லவில்லை. பாஸ் ஆர்வி-6 என்ற ரிவெர்ப் பெடலின் விலை இதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். எட்டு வகை ரிவெர்ப், மேல் ஸ்தாயியில் மினுங்கும் ஷிம்மர்கூட உண்டு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஐந்தாறு மாதச் சேமிப்பில் அதை வாங்கி, ஒரு கிறிஸ்துமஸ் முழுவதும் அதிலேயே வாசித்துப் பார்ப்பேன். அதற்குப் பிறகும் பிக்ஸ்கைதான் வேண்டும் என்றால் பழையதாகவும் தேடலாம். 2023இல் பிக்ஸ்கை எம்.எக்ஸ். வந்த பிறகு முந்தையதைக் கைமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பழையது வாங்கினால் உங்கள் கிட்டாரோடு நேரில் போங்கள். எல்லா நாபையும் திருப்பி, மூன்று ஃபுட்சுவிட்சையும் பத்துப் பத்துத் தடவை மிதித்து, இரண்டு அவுட்புட்டிலும் ஒலி வருகிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

எதை வாங்கினாலும், ஐப்பசியில் இடி முழங்கும்போது அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.