தகடு வெட்ட கத்திரியா, ரம்பமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல காப்பர் தகட்டுல கம்மல் செய்யறத பத்தி எழுதினாலும் எழுதினேன், வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே இடத்துல தான் வந்து நிக்குது: டிசைன் எல்லாம் மனசுல இருக்கு, தகட்டை வெட்டத் தான் வரல, அதுக்குன்னு பெரிய மெஷின் வாங்கவும் காசு இல்ல. ஒரே மாதிரி வந்ததை எல்லாம் சேர்த்து, சில கேள்விய மட்டும் எடுத்திருக்கேன்.

வீட்டுல இருக்கிற கத்திரியால 24 கேஜ் காப்பர் தகட்டை வெட்டினேன். ஓரம் எல்லாம் சுருண்டு போச்சு, கத்திரியும் மழுங்கிடுச்சு, கை விரல்ல கொப்புளம். குறைஞ்ச செலவுல ஒரே ஒரு டூல் வாங்கணும்னா எதை வாங்கட்டும்?

முதல்ல அந்த கத்திரிய தூக்கி ஓரமா வைங்க, அது செஞ்ச தப்பு ஒண்ணும் இல்ல. கேஜ்ங்கறது தகட்டோட தடிமன் கணக்கு, நம்பர் ஏற ஏற தகடு மெல்லிசாகும். 24 கேஜ்னா சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன், சாதா கத்திரிக்கு அது ரொம்ப ஜாஸ்தி. 28, 30 கேஜ் மாதிரி மெல்லிசா இருந்தா ஓரளவு வெட்டிடும், அதை விட தடிமனா போனா நீங்க தான் வெட்டுப்படுவீங்க.

ஓரம் ஏன் சுருளுதுன்னு புரிஞ்சுகிட்டா எதை வாங்கறதுன்னு தானா தெரிஞ்சிடும். கத்திரி தகட்டை அறுக்கறது இல்ல, ஒரு பக்கத்தை மேலயும் இன்னொரு பக்கத்தை கீழயும் தள்ளி பிய்க்குது, அதனால வெட்டின துண்டு வளைஞ்சு தான் வரும். ரம்பம் அப்படி இல்ல, மயிரிழை அளவு உலோகத்தை தூளா எடுத்துட்டு போயிடுது, ரெண்டு பக்கமும் தட்டையாவே நிக்கும். அதனால என் பதில் ஒண்ணு தான்: நகை வேலைக்குன்னு விக்கிற சின்ன கை ரம்பம், அதாவது சா ஃப்ரேம், அதோட நல்ல ப்ளேடு. வளைவு, மூலை, நடுவுல ஓட்டைன்னு எல்லாத்தையும் செய்யற ஒரே டூல் அது தான், அதுவும் இருக்கறதிலயே விலை கம்மியான டூல்ல ஒண்ணு.

ஃப்ரேம் வாங்கறப்போ காசை மிச்சம் பிடிங்க, ப்ளேடு வாங்கறப்போ பிடிக்காதீங்க. ஃப்ரேம்ங்கறது ஒரு வளைஞ்ச கம்பி, ஒரு கைப்பிடி, ரெண்டு திருகு, அவ்வளவு தான். நேரா நின்னு ப்ளேடை இறுக்கமா பிடிச்சா போதும். நீளத்தை கூட்டி குறைக்கிற மாதிரி இருந்தா நல்லது, ஏன்னா உடைஞ்ச ப்ளேடுல மீதி நீளமா இருந்தா ஃப்ரேமை குறுக்கி அதையும் மாட்டி வேலை பார்க்கலாம். ஆழம், அதாவது ப்ளேடுல இருந்து ஃப்ரேமோட முதுகு வரைக்கும் இருக்கிற தூரம், ரெண்டரை மூணு இன்ச் போதும். பெரிய தகடு வெட்ட உதவுமேன்னு ஆறு இன்ச் ஆழம் வாங்கினா அது கையில ஆடும், புதுசா கத்துக்கறவங்களுக்கு எரிச்சல் தான் மிச்சம்.

சா ஃப்ரேம் வாங்கிட்டேன். ஒரே நாள்ல ஒரு டஜன் ப்ளேடு உடைஞ்சு போச்சு. ப்ளேடு மட்டமா, இல்ல என் கை மட்டமா?

ரெண்டும் இருக்கலாம், ஆனா கை தான்னு எனக்கு சந்தேகம், கோவிச்சுக்காதீங்க. நான் ஆரம்பிச்சப்போ முதல் இலை வடிவத்தை வெட்டி முடிக்கிறதுக்குள்ள ஒன்பது ப்ளேடு போச்சு, அதுல மூணு மாட்டறப்போவே போச்சு. அதனால தான் இந்த ப்ளேடை ஒண்ணு ரெண்டா விக்காம டஜன் கணக்குல, பன்னெண்டு டஜன் கட்டா எல்லாம் விக்கறாங்க.

மாட்டறதுல இருந்தே பார்ப்போம். பல்லு ஃப்ரேமோட முதுகுக்கு எதிர்பக்கமா, கைப்பிடிய பார்த்து கீழ்நோக்கி இருக்கணும். கண்ணுக்கு தெரியலேன்னா விரலால மெதுவா தடவுங்க: கைப்பிடி பக்கமா தடவினா வழுக்கும், மேல போறப்போ பிடிக்கும், அப்படின்னா சரி. தலைகீழா மாட்டினா மேல இழுக்கறப்போ தகடே எகிறி வரும். மேல் முனைய இறுக்கிட்டு, கைப்பிடிய நெஞ்சுல சாச்சு ஃப்ரேமை மேஜை விளிம்புல அமுக்குங்க, ஃப்ரேம் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், அந்த நிலையிலயே கீழ் முனைய இறுக்கணும். அப்புறம் நகத்தால ப்ளேடை சுண்டிப் பாருங்க, வீணை கம்பி மாதிரி டிங்குனு கேட்கணும். தொப்புனு கேட்டா லூஸ். ப்ளேடு உடையறதுக்கு முக்கால்வாசி காரணம் இந்த லூஸ் தான், அதிகமா இறுக்கினதால உடைஞ்சதை விட லூஸா விட்டதால உடைஞ்சது தான் ஜாஸ்தின்னு என் குப்பைத்தொட்டி சொல்லும்.

அடுத்தது தகடு எது மேல உட்காருதுன்னு பார்க்கணும். கையில பிடிச்சுகிட்டு அறுக்கவே கூடாது. நடுவுல ஆங்கில வி எழுத்து மாதிரி வெட்டு போட்ட ஒரு மரப்பலகை, அதை மேஜை விளிம்புல சி க்ளாம்ப் (திருகி இறுக்கற பிடிப்பான்) போட்டு மாட்டிக்கணும், பென்ச் பின்னு சொல்வாங்க. கெட்டியான மரத்துண்டு இருந்தா நீங்களே வெட்டி செஞ்சுக்கலாம், இதுக்கெல்லாம் காசு கொடுக்க வேணாம். அது நெஞ்சு உயரத்துக்கு வர்ற மாதிரி நாற்காலிய தாழ்த்தி உட்காருங்க, குனிஞ்சு அறுத்தா ப்ளேடு பக்கவாட்டுல சாயும், சாஞ்சா டொக்குனு போயிடும்.

வெட்டறது கீழ இழுக்கறப்போ மட்டும் தான். மேல போறப்போ சும்மா போகணும். முன்னாடி தள்ளாதீங்க, ரம்பத்தோட கனமே போதும், நீங்க ப்ளேடோட முழு நீளத்தையும் மேல கீழ ஓட்டினா அதுவா முன்னேறும். நடுவுல ஒரு இன்ச்ச மட்டும் தேய்ச்சுகிட்டு இருந்தா அந்த இடம் மட்டும் மழுங்கி அங்கயே உடையும். திரும்பற இடம் வந்தா முன்னேறாம ஒரே இடத்துல மேல கீழ ஆட்டிகிட்டே தகட்டை கொஞ்சம் கொஞ்சமா திருப்பணும், ரம்பத்தை திருகக் கூடாது. இந்த ஒண்ணு கைக்கு வந்துட்டா பாதி ப்ளேடு மிச்சம். நடுநடுவுல ப்ளேடோட முதுகுல தேன்மெழுகோ மெழுகுவத்தியோ லேசா தேய்ங்க, நிறைய தேய்ச்சா தூள் எல்லாம் அதுல ஒட்டி பல்லு அடைச்சுக்கும். இன்னொண்ணு, உடையற ப்ளேடு எந்த பக்கம் பறக்கும்னு சொல்ல முடியாது, கண்ணாடி போடாம உட்காராதீங்க.

ப்ளேடு நம்பர் பார்த்தா தலை சுத்துது. 2/0, 4/0, 8/0ன்னு போட்டிருக்கு, எது பெருசு?

பூஜ்யத்துக்கு முன்னாடி நம்பர் ஏற ஏற ப்ளேடு மெல்லிசாகும். 2/0 ப்ளேடோட தடிமன் கால் மில்லிமீட்டருக்கு ஒரு துளி மேல, இன்ச்சுக்கு சுமார் 56 பல்லு. 8/0 கிட்டத்தட்ட தலைமுடி மாதிரி, அதை இப்போதைக்கு மறந்துடுங்க. வெறும் 1, 2, 3ன்னு இருந்தா அது தடி ப்ளேடு, அங்க நம்பர் ஏற ஏற தடிமனும் ஏறும்.

தகட்டோட தடிமனுக்குள்ள ரெண்டு மூணு பல்லாவது பிடிக்கணும்னு ஒரு பொதுவான விதி சொல்வாங்க. கணக்கு போட்டு பாருங்க, 2/0ல ஒரு மில்லிமீட்டருக்கு ரெண்டு பல்லு சொச்சம், அப்போ 18 கேஜுக்கு, அதாவது ஒரு மில்லி தகட்டுக்கு, சரியா வருது. ஆனா அரை மில்லி தகட்டுக்கு அந்த விதிப்படி போனா 8/0 கூட பத்தாது! அதனால விதிய அப்படியே பிடிச்சுகிட்டு நிக்காதீங்க. 20, 22 கேஜுக்கு 2/0, 24க்கு 4/0, இந்த ரெண்டு கட்டு இருந்தா வீட்டு நகை வேலை பெரும்பாலும் ஓடிடும். மெல்லிசு தகட்டுல பல்லு மாட்டி இழுத்தா ரம்பத்தை பக்கவாட்டுல இல்லாம முன்பக்கமா கொஞ்சம் சாய்ச்சு பிடிங்க, ஒரே நேரத்துல அதிக பல்லு படும்.

கேஜுன்னதும் ஞாபகம் வருது, கேஜ் கணக்கே ரெண்டு மூணு விதம் இருக்கு. ஒரு கணக்குல 22 கேஜ்னா 0.64 மில்லிமீட்டர், இன்னொண்ணுல 0.71. வாங்கறப்போ மில்லிமீட்டர் கேட்டு வாங்குங்க, வம்பே இல்ல.

தகடு வெட்டற கத்திரில சிவப்பு, பச்சை, மஞ்சள் கைப்பிடி இருக்கே, நகைக்கு எது ஆகும்?

கலர் அழகுக்கு இல்ல. மஞ்சள் நேரா வெட்ட, சிவப்பு இடது பக்கம் வளைஞ்சு போக, பச்சை வலது பக்கம். விமானத் தொழிலுக்காக வந்த கத்திரி, அழுத்தம் கம்மியா கொடுத்தாலே வெட்டும், அதெல்லாம் சரி தான், ஆனா வாய்ல நிறைய மாடலுக்கு பல்லு பல்லா இருக்கும், அந்த தடம் அப்படியே உங்க தகட்டு ஓரத்துல விழும். பெரிய தகட்டை துண்டு போட மட்டும் வெச்சுக்கலாம், கோட்டுல இருந்து ரெண்டு மில்லி தள்ளி வெட்டிட்டு மீதிய ரம்பத்தாலயோ அரத்தாலயோ பாருங்க. எந்த கத்திரியா இருந்தாலும் நுனி வரைக்கும் மூடாதீங்க, மூடின இடத்துல ஒரு வடு விழும். இரும்பு கம்பிய அதால வெட்டவே வேணாம், வாய் பள்ளம் விழுந்துடும்.

என்கிட்ட சின்ன ரோட்டரி டூல் இருக்கு. அதுல கட்டிங் டிஸ்க் மாட்டி வெட்டினா வேலை சீக்கிரம் முடியாதா?

நேர்கோட்டுல முடியும். வளைவுக்கு போனா டிஸ்க் மாட்டிகிட்டு உடைஞ்சு தெறிக்கும், தகடு சூடாகி விரலை சுடும், ரம்பத்தை விட அகலமா வெட்டறதால வெள்ளில போட்டா காசு தூளா பறக்கும். மெருகு போடவும், ஓட்டை போடவும் அதை வெச்சுக்கோங்க. ஓட்டைன்னா ஆணிய வெச்சு லேசா ஒரு பள்ளம் தட்டிட்டு, 1 மில்லி ட்ரில் பிட் மாட்டி மெதுவா இறக்குங்க, அந்த ஓட்டை வழியா ப்ளேடை நுழைச்சு ஃப்ரேம்ல மாட்டினா நடுவுல இருக்கிற டிசைனையும் அறுத்து எடுத்துடலாம். தலைமுடிய கட்டிக்கோங்க, சுத்தற டூல் பக்கத்துல கையுறை வேணாம்.

நீளமா பட்டை பட்டையா வெட்டணும், கூடவே ஒரே அளவு வட்டம் நிறைய வேணும். ரம்பத்தால வெட்டினா எல்லாம் ஒவ்வொரு சைஸா வருது.

பட்டைக்கு ரம்பமே வேணாம். அக்ரிலிக் ஷீட் கீறற கத்தி இருக்குல்ல, கொக்கி மாதிரி நுனி, அது போதும். ஸ்டீல் ஸ்கேலை க்ளாம்ப் போட்டு பிடிச்சுகிட்டு ஒரே கோட்டுல திரும்ப திரும்ப கீறுங்க, பின்பக்கம் மெல்லிசா ஒரு கோடு தெரிய ஆரம்பிச்சதும் மேஜை விளிம்புல வெச்சு முன்னும் பின்னும் மடக்கினா பட்டுனு பிரிஞ்சிடும். பொறுமை வேணும், ஆனா ரம்பத்தால வராத நேர்கோடு இதுல வரும்.

வட்டத்துக்கு டிஸ்க் கட்டர். ரெண்டு இரும்பு தட்டுக்கு நடுவுல தகட்டை சொருகி மேல இருந்து உளி மாதிரி இருக்கிற 'பஞ்ச்'ங்கற இரும்பு துண்டை சுத்தியலால அடிக்கறது. விலை கம்மியானதுலயும் காப்பர், அலுமினியம், மெல்லிசு பித்தளை நல்லாவே வெட்டலாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை போட்டா விளிம்பு போயிடும். பஞ்ச்ல ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க, தயங்கி தயங்கி பத்து அடி அடிக்காம கனமான சுத்தியலால ஒண்ணு ரெண்டு அடி. வருஷத்துக்கு நாலு வட்டம் வெட்டறவங்களுக்கு இது தண்டச் செலவு, நிறைய கம்மல் செய்யறவங்க மட்டும் வாங்குங்க.

பழைய தகர டப்பா, அலுமினிய தகடு எல்லாம் வெட்டி பழகலாமா? ராத்திரில தான் நேரம் கிடைக்குது, சத்தம் வேற.

தாராளமா பழகுங்க, ஓரம் மட்டும் ப்ளேடு மாதிரி கிழிக்கும், வெட்டினதும் அரமும் உப்புத்தாளும் போட்டுடுங்க. அலுமினியம் மெத்துன்னு இருக்கறதால பல்லுல அப்பிக்கும், மெழுகு கொஞ்சம் தாராளமா. துத்தநாகம் பூசின தகட்டை வெட்டலாம், ஆனா சூடு காட்டாதீங்க, அந்த புகை காய்ச்சல் கொண்டு வந்துடும். ரம்பத்துக்கு சத்தம் பெருசா இல்ல, ஒரு கிறீச் கிறீச் தான். டிஸ்க் கட்டரை மட்டும் பகலுக்கு தள்ளி வைங்க. மடியில ஒரு பழைய துணிய விரிச்சுக்கோங்க, தூள் காலடியில போகாது, வெள்ளிக்கு மாறினப்புறம் அந்த தூளை தனி டப்பாவுல சேர்த்து வெச்சா திரும்ப உருக்கிக்கலாம், காப்பர் தூளோட கலந்துடாதீங்க.