தொடை மரத்துப்போகிறது: ஜீன்ஸ்தான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 29. நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை. மூன்று மாதங்களாக வலது தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவதும் எரிவதுமாக இருக்கிறது. மலிவாகக் கிடைத்த இரண்டு இறுக்கமான ஜீன்ஸைத்தான் மாற்றி மாற்றி அணிகிறேன். அதனால் இருக்குமா? அதிக விலையில் வாங்க வசதியில்லை.

பதில்: இருக்கக்கூடும். உங்கள் அறிகுறிகள் ‘மெரால்ஜியா பாரஸ்தெட்டிகா’ என்னும் நரம்பு அழுத்தத்துடன் பெரிதும் பொருந்துகின்றன. தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கான உணர்வு நரம்பு, இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி, ஒரு குறுகிய வழியாகத் தொடைக்குள் இறங்குகிறது. ஜீன்ஸின் இடுப்புப் பட்டையும் பெல்ட்டும் அந்த இடத்தில்தான் அழுத்துகின்றன. உட்காரும்போது வயிறு முன்தள்ளுவதால் அழுத்தம் மேலும் கூடுகிறது. அந்த நரம்புக்கும் தசைகளுக்கும் தொடர்பில்லை என்பதால் மரப்பும் எரிச்சலும் வருமே தவிர, காலின் வலு குறையாது. உடல் எடை மிகுந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது எளிதில் வருகிறது.

முதல் சிகிச்சை, அந்த இரண்டு ஜீன்ஸையும் இறுக்கமான பெல்ட்டையும் ஒதுக்கி வைப்பதே. அழுத்தம் நீங்கினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடுகிறது.

இனி வாங்குவதைப் பற்றி. உடலுக்கு இதமான ஜீன்ஸுக்கு அதிக விலை தேவையில்லை, பொறுமையாக அணிந்து பார்த்தால் போதும். பலரும் கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள். உங்களைப் போல் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு கடைக்குச் செல்லுங்கள். பித்தானைப் போட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள், ஒருமுறை குந்தி எழுங்கள். உட்கார்ந்த நிலையிலும் பட்டைக்குள் இரண்டு விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். கழற்றியதும் இடுப்பில் சிவந்த தடம் பதிந்திருந்தால் அதை வாங்காதீர்கள். ஒரே அளவு எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் எண்ணை நம்ப வேண்டாம். தொடைக்கும் பிட்டத்துக்கும் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள், இடுப்பு சற்றுத் தொளதொளவென்று இருந்தாலும் பரவாயில்லை. அதைத் தையற்காரர் சிறு செலவில் பிடித்துத் தந்துவிடுவார். இறுக்கமான ஜீன்ஸைத் தளர்த்துவதுதான் கடினம், ஏனெனில் உள்ளே பிரித்துவிடத் துணி மிச்சம் இருப்பதில்லை. முழுப் பருத்தி என்றால் முதல் சலவையில் சற்றுச் சுருங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். துணியில் நீளும் இழை சிறிதளவு கலந்திருந்தால் உட்கார்ந்து எழ வசதியாக இருக்கும், ஆனால் அதை நம்பி ஓர் அளவு குறைத்து வாங்கிவிடாதீர்கள். தொப்புளுக்குக் கீழே பித்தான் படும் இடத்தில் அரிப்பு வருபவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். பித்தானின் உட்புறம் ஒரு துண்டுத் துணியை வைத்துத் தைத்துவிட்டால் பெரும்பாலும் குறையும்.

இறுக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 2015-இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்த ஆஸ்திரேலியப் பெண் ஒருவரின் நிகழ்வைச் சொல்கிறேன். இறுக்கமான ஜீன்ஸுடன் பல மணி நேரம் குந்தியிருந்து அலமாரிகளைக் காலி செய்த அவருக்குக் கெண்டைக்கால்கள் வீங்கி, பாதங்கள் வலுவிழந்து, ஜீன்ஸை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்து குணமானார். உங்கள் நிலை அத்தகையதன்று.

எனினும் தளர்வான உடைக்கு மாறி ஆறு வாரங்களாகியும் குறையாவிட்டால் மருத்துவரை நேரில் பார்த்து, சர்க்கரை அளவையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கால் வலுவிழந்தாலோ, கவட்டைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் தடைப்பட்டாலோ, அது முதுகுத்தண்டு நரம்பின் சிக்கலாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.