காங்கேயத்தில் இருந்துகொண்டே உலகம் முழுக்கப் பார்க்கிற ஒரு சேனலை நடத்த முடியுமா?

முடியும். கேமராவுக்குக் கடன் கேட்டு அலைந்துகொண்டிருப்பீர்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். கேமரா பொறுக்கட்டும், முதலில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

2018-ல் காங்கேயம் மாடுகளுக்கென்றே ஒரு யூடியூப் சேனல் தொடங்கினேன். கண்ணபுரம் சித்திரைச் சந்தைதான் முதல் வீடியோ. அப்புறம் எங்கள் கட்டுத்தரையில் பிறந்த ஒரு செவலைக் கன்றை மாதாமாதம் எடுத்துப் போட்டேன். ஆறு மாதத்தில் அதன் நிறம் மாறுவதை சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்று எங்கெங்கோ இருக்கிற நம் ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். "எங்க அப்புச்சி ஞாபகம் வந்துருச்சுங்க" என்று டெக்சாசிலிருந்து ஒருவர் எழுதியதை இன்னும் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் வருடம் அதே பெயர், அதே கொம்புப் படத்தோடு இன்னொரு சேனல் வந்தது. என் வீடியோக்களை வெட்டிப் போட்டு, மாடு வாங்கித் தருவதாக வெளிநாட்டில் இருப்பவர்களிடம் முன்பணம் வாங்கினார்கள். ஏமாந்தவர்கள் என்னைத் திட்டினார்கள். ஒரு அம்மா போனில் அழுதார். பதிப்புரிமைப் புகார் கொடுத்து வீடியோக்களை எடுக்க வைத்தேன். ஆனால் பெயர் என்னுடையது என்று காட்ட என்னிடம் ஒரு தாள்கூட இல்லை.

அப்புறம்தான் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்யக் கேட்டு விண்ணப்பித்தேன். நான் கட்டியபோது தனிநபருக்கு, ஆன்லைனில், ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு தொழில் பிரிவுக்கு, 4,500 ரூபாய். வீடியோ நிகழ்ச்சிகள் 41-ஆம் வகுப்பு. பதிவு 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஆனால் அது இந்தியாவுக்குள் மட்டும்தான். வெளிநாட்டிலும் வேண்டுமென்றால் மாட்ரிட் ஒப்பந்தத்தின் வழியாக இங்கிருந்தே கேட்கலாம். 2013-லிருந்து இந்தியா அதில் இருக்கிறது.

"பெயரில் என்ன இருக்கிறது, சரக்குதான் முக்கியம்" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: சரக்கு என்னுடையதுதான். அதை வைத்துத்தான் ஏமாற்றினார்கள். நான் வக்கீலும் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

சேனலில் பணம் வர ஆரம்பித்தால் யூடியூப் கேட்கிற அமெரிக்க வரிப் படிவத்தையும் தள்ளிப் போடாதீர்கள். 2021-லிருந்து, அதைக் கொடுக்காவிட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள். கொடுத்தால் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த தொகையில் மட்டும் 15 சதவீதம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். சொந்தத்தில் ஒரு சீர், ஒரு காதுகுத்து விடாமல் "நீதான் கேமரா வெச்சிருக்கியே கண்ணு" என்று கூப்பிடுவார்கள். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கூலி உண்டு. இரண்டு நாள் நின்று எடுத்து, ஒரு வாரம் எடிட் செய்கிறவனுக்கு மட்டும் கிடையாது. கேட்டால் முகம் மாறிவிடுகிறது. இது வேலை என்று எப்போது ஒத்துக்கொள்வார்கள்?

சரி, பெயர் விஷயம். சான்றிதழ் கைக்கு வந்ததும் மறுபடி புகார் கொடுத்தேன், அந்தச் சேனலின் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த அம்மாவின் பணம் மட்டும் திரும்பி வரவேயில்லை.